இரண்டு பரப்பும் ஒன்பது குழியும்

மதிலுக்கு வெட்டிய அத்திவாரக் கிடங்கு கிணற்றைத் தாண்டிப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த அஜந்தா ஸ்கூட்டியை நிறுத்தக்கூட மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் அவள் தண்ணீர் அள்ளிய கிணறு, இப்போது கிடங்குக்கு அந்தப் பக்கம், நிமலன் அண்ணையின் பக்கம் கிடந்தது.

புங்குடுதீவில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைக்கத்தான் முடியாது. ஊரில் பாதிப் பேர் தண்ணீர் பவுசர் எப்போது வருமென்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இது நல்ல தண்ணீர்க் கிணறு. நிமலன் அவள் வீட்டைக் கேட்டிருந்தால்கூட ஒருவேளை யோசித்திருப்பாள். கிணற்றைக் கேட்டால் யோசனைக்கே இடமில்லை.

நிமலன் பெரியம்மாவின் மகன். கனடாவிலிருந்து வீடு கட்ட வந்திருந்தான். நல்ல மனுசன்தான், அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவன் என்றால் நாலு பேச்சுப் பேசிக் கலைத்துவிடலாம்.

"என்ன அண்ணை இது?"

"மதில்தான் தங்கச்சி. றோட்டிலயிருந்து ரேப் பிடிச்சு அளந்தனான். என்ர பங்கு அதிலதான் முடியுது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான். "தண்ணிக்கு யோசியாத. சின்னக் கேற் ஒண்டு வைக்கிறன். நீ எப்பவும் வந்து அள்ளலாம். நான் விடுவன்."

விடுவானாம்! அஜந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, பற்றை வெட்டி, பாம்புக்குப் பயந்து பயந்து அந்தக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியவர்கள் அவளும் அம்மாவும். இனி அதே தண்ணீரை ஒருவன் விட்டால்தான் அள்ள வேண்டுமாம்.

"கிணறு எங்கட காணிக்குள்ள. அம்மான்ர உறுதிப் பத்திரத்தில கிடக்கு."

நிமலன் போனை நீட்டினான். போன மாதம் இரண்டு உறுதிகளையும் பார்த்து அவன் அனுப்பிய நில அளவுக் கணக்கு: நிமலன் 2.9 பரப்பு, அஜந்தா 2.12 பரப்பு. அதற்குக் கீழே அவளே அனுப்பிய பதில்: "சரி அண்ணை."

சோதனைத் தாள் திருத்துகிற அவசரத்தில் பார்த்தது. எண்களைப் பார்த்தாளே தவிர, காணியைப் பார்க்கவில்லை.

சீமெந்துக் கல் அடுக்கின்மேல் ஆழ்வாப்பிள்ளை மாமா உட்கார்ந்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான மாமா. பிரச்சினை வருமென்று தெரிந்து நிமலன்தான் கூட்டி வந்திருக்க வேண்டும். "நீ கணக்கு ரீச்சர் பிள்ளை. நீயே சொல்லு. ரெண்டு தசம் ஒன்பது பெரிசோ, ரெண்டு தசம் பன்ரெண்டு பெரிசோ?"

அன்று காலையில்தான் அஜந்தாவின் ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள், ஒன்பதைவிடப் பன்னிரண்டு பெரிது, ஆகவே 2.12தான் பெரிது என்று எழுதியிருந்தார்கள். 2.9 என்றால் இரண்டும் பத்தில் ஒன்பதும், 2.12 என்றால் இரண்டும் நூறில் பன்னிரண்டும் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தாள். காலையில் பிழை போட்டதைப் பின்னேரம் சரியென்று சொல்ல அவளால் முடியாது.

"ரெண்டு தசம் ஒன்பதுதான் மாமா பெரிசு."

"பிறகென்ன?" என்று மாமா எழும்பி வேட்டியை உதறினார். மேசன்மார் மண்வெட்டியை எடுத்தார்கள்.

அஜந்தா சேலையைச் சொருகிக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினாள். மண்வெட்டிகள் அப்படியே நின்றன.

"2.9 பெரிசுதான். ஆனா அண்ணையின்ர காணி 2.9 இல்லை. அண்ணை, உங்கட உறுதியில என்ன எழுதிக் கிடக்கு?"

"ரெண்டு பரப்பு ஒன்பது குழி. அதைத்தானே போட்டிருக்கிறன்?"

"மாமா, ஒரு பரப்புக்கு எத்தினை குழி?"

"பதினெட்டு. இதென்ன கேள்வி?"

"பதினெட்டில ஒன்பது?"

"பாதி..." மாமா நிமலனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டரைப் பரப்பு. தசத்தில எழுதினா 2.5. தசத்துக்குப் பக்கத்தில நிக்கிற இலக்கம் பத்தில எத்தினை பங்கு எண்டுதான் சொல்லும். குழி பத்தில ஒரு பங்கில்லை, பதினெட்டில ஒரு பங்கு. எங்கட உறுதியில ரெண்டு பரப்பு பன்ரெண்டு குழி. பன்ரெண்டு குழி எண்டா ஒரு பரப்பில மூண்டில் ரெண்டு. தசத்தில 2.666 எண்டு முடியாமப் போய்க்கொண்டிருக்கும். எங்கட பங்குதான் பெரிசு."

"எல்லாரும் இப்பிடித்தானே எழுதுறவை," என்றான் நிமலன்.

"எழுதட்டும். ரெண்டு பரப்பு பதினேழு குழியோட ஒரு குழி சேத்தா மூண்டு பரப்பு. 2.17க்கு அடுத்தது 3 எண்டு உங்கட போன் சொல்லுமோ? பதினெட்டை 0.9 ஆல பெருக்கிப் பாருங்கோ அண்ணை."

நிமலன் போனில் தட்டினான். "பதினாறு குழிக்கு மேல வருது," என்றான் மெல்லமாக.

"உறுதியில ஒன்பது. மிச்சக் குழியெல்லாம் ஆரின்ர? நான் நிக்கிற இந்த மண்."

மாமா கடைசிப் பிடியைப் பிடித்தார். "சரி, நீயும் ஓம் எண்டு சொல்லிப்போட்டாய், கிடங்கும் வெட்டியாச்சு. ஊருக்கு எவ்வளவு செய்யிற பிள்ளை அவன். கொஞ்சம் விட்டுக்குடன்."

"ஓம் எண்டது என்ர பிழை. அதுக்கு எனக்கு வெக்கமாத்தான் கிடக்கு. வெக்கத்துக்குக் கிணத்தைக் குடுக்க ஏலாது மாமா. திரும்ப அளந்து முடிக்கிற வரைக்கும் நான் கிடங்கை விட்டு ஏறமாட்டன். மதில் கட்டுறதெண்டா என்னையும் சேத்துக் கட்டட்டும்."

அவள் கிடங்கின் நடுவில் காலை ஊன்றி நின்றாள்.

நிமலன் அவளையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து ரேப்பை எடுத்தான். "ஏறு தங்கச்சி. திரும்ப அளப்பம்."

அவள் ஏறவில்லை. அவர்கள் அளந்து, கிணற்றுக்கு றோட்டுப் பக்கமாக முளை அடித்து, நூல் கட்டி முடித்த பிறகுதான் ஏறினாள். கிணறு அவள் பக்கம் வந்திருந்தது.

நிமலன் நெற்றியைத் துடைத்தான். "அப்ப... எனக்குத் தண்ணிக்கு நீ விடுவியோ?"

'விடுறன்' என்ற சொல் அவள் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நல்ல இனிப்பாகத்தான் இருந்திருக்கும்.

"நான் ஆர் விடுறதுக்கு? உங்கட உறுதியை முழுக்க வாசிக்கேல்லையோ? கிணத்தில மூண்டில் ஒரு பங்கும் போய்வாற வழியும் உங்கட அம்மாவுக்கு எழுதிக் கிடக்கு."

நிமலன் முகம் மலர்ந்தது. போனை எடுத்துத் தன் பெயருக்கு நேரே '0.33' என்று தட்டினான். அஜந்தா மண் ஒட்டிய விரலால் அவன் கையைத் தடுத்தாள்.

"அழியுங்கோ. மூண்டு தரம் அதைக் கூட்டினாலும் கிணறு நிறையாது. மூண்டில் ஒண்டு எண்டு எழுத்திலயே எழுதுங்கோ. என்ர பங்கில மட்டுமில்லை அண்ணை, உங்கட பங்கிலயும் ஒரு சொட்டுக் குறைய நான் விடமாட்டன்."