நாக்குக்காரரின் சுரைக்காய்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் நாக்குக்காரர் என்று பெயர். பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கிற வேலை. அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றைக் கடித்துப் பார்த்து, சர்க்கரை தூக்கலா, வெண்ணெய் காறிப்போயிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லிவிட்டால் முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார். அங்கே அது பெருமை, வீட்டில் அதுவே எனக்கு வினை. நான் ஆக்கிப் போட்ட ஒரு வாய்ச் சோற்றை அந்த மனுஷன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "இதை மனுஷன் தின்பானா?" என்று தட்டைத் தள்ளுவார். கோபம் தலைக்கேறினால் தள்ளுவது கிடையாது, எறிவதுதான். சுவரைத் துடைப்பது யார்? நான்தான்.

ஓய்வு பெறுகிற சமயத்தில் ஒரு கடுமையான காய்ச்சல் வந்தது. போகும்போது அவர் நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் காலை அவசரத்தில், பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர் கிடந்த தம்ளரிலேயே டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டேன். ஐயையோ என்று திரும்பி ஓடினால், மனுஷன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு "பால் கம்மி" என்கிறார். மீசையில் சோப்பு நுரை.

அன்றைக்கு வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்காக உட்கார்ந்து அழுதிருப்பேன். சத்தியமாக அழுதிருப்பேன். ஆனால் அன்று மதியமே, உப்பு இல்லை என்று தட்டு பறந்தது. உப்பாவது, புளிப்பாவது! நாக்கு செத்த பிறகும் தட்டு பறக்கிறதென்றால், இத்தனை வருஷமும் கோளாறு என் சமையலிலா இருந்தது? துடைப்பத்தை எடுத்துச் சோற்றைக் கூட்டினேன். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? மொட்டைமாடியில் காய்கறி வளர்க்கிறேன் என்று ஆரம்பித்தார். முதலில் தக்காளி. பாசம் பொங்கி, நேரம் கெட்ட நேரத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றினார். நாற்று அத்தனையும் வேர் அழுகிச் சாய்ந்தது. "மூழ்கடிச்சே கொன்னுட்டீங்களே ஐயா" என்று நாற்றுக் கடைக்காரர் சிரித்தார். அடுத்தது சுரைக்காய். பழைய பீப்பாயில் மண் போட்டு, விதை ஊன்றி, கயிறு கட்டிக் கொடி ஏற்றினார். இந்தத் தடவை ரோஷம் வந்து தண்ணீரையே குறைத்துவிட்டார். உச்சி வெயிலில் இலையெல்லாம் துவண்டு தொங்கும். "ஊத்துங்களேன்" என்றால், "உனக்கு என்ன தெரியும்? வாயை மூடு" என்பார். மூடிக்கொண்டேன்.

அந்த உயரத்துக்கு வண்டு வரவில்லை. பிஞ்செல்லாம் பழுத்து உதிர்ந்தது. கடைக்காரரிடம் கேட்டு வந்து, பொழுது சாய்ந்து வெள்ளைப் பூ விரிகிற நேரத்தில், ஆண்பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு வைத்த பெண்பூவின் மேல் தொட்டுத் தொட்டு எடுப்பார். மூச்சுக்கூட விடமாட்டார். இந்த மனுஷனின் கைக்கு இவ்வளவு மெதுவாகத் தொடத் தெரியுமா என்று படியில் நின்று பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு சுரைக்காய்மேல் பொறாமை! தூ, என் பிழைப்பே!

ஒரு காய் பிடித்தது. தெருவே வந்து பார்த்தது. கடைக்காரரும் வந்தார். துவண்ட கொடியைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, தண்ணி பத்தாம வாடுன கொடியில காய் சில சமயம் கசந்துடும். வெட்டுனதும் ஒரு துண்டு கடிச்சுப் பாருங்க. கசந்தா யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க. வயித்தைப் புரட்டி எடுத்துடும்." சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "யாருக்கு யார் சொல்றது பாருங்க! நாக்குக்காரருக்கேவா!"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், நெற்றியில் வேர்வை.

மறுநாள் அடுக்களையில் காயை அவரே வெட்டினார். ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். பிறகு இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"நீயும் பாரு."

என் அபிப்பிராயத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கடித்தேன். அடிவயிறுவரை இறங்குகிற கசப்பு. தண்டனைக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். "எனக்குத் தெரியலடி, நீ சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், காயைப் பிடுங்கி எறிந்துவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? வாயில கொழுக்கட்டையா?" என்றார்.

துண்டை முழுங்கினேன். முகம் மாறாமல் முழுங்கத்தான் இந்த வீட்டில் பழகியிருக்கிறேனே. "நல்லா இருக்குங்க. இளசு. இனிக்குது."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! முழுக் காயையும் சமைத்தேன். உங்கள் கை விளைச்சல், நீங்களே முதலில் சாப்பிடுங்கள் என்று பரிமாறினேன். ரசித்து ரசித்துச் சாப்பிட்டார்.

"காய் பிரமாதம். சமைச்ச கைதான் சரியில்ல. உன் கையில சிக்கினா எந்தக் காயும் உருப்படாது" என்றார்.

கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் அதோடு போயிற்று. மிச்சத்தையும் அவர் தட்டிலேயே கவிழ்த்தேன்.

ஒரு பொழுது கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடக்கட்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. பொழுது சாய்வதற்குள் வாந்தி. பிறகு வாந்தியில் ரத்தம். பக்கத்துத் தெருவில் இருக்கிற மகனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். செத்துவிடுவாரோ என்று பயந்தேன். பிழைத்துவிட்டார் என்றதும் அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை.

டாக்டரம்மா கட்டிலருகே நின்று கேட்டார். "இப்படி விஷமா கசக்கிற காயை யாராவது முழுசா சாப்பிடுவாங்களா? வாயில வெச்சதுமே தெரிஞ்சிருக்குமே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இனிக்கிறது என்று சொன்னேனே, அது அவர் கண்ணில் வந்து நின்றது. என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால், உங்கள் நாக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். மகன் வேறு நிற்கிறான், பறந்த தட்டுகளைப் பார்த்தே வளர்ந்தவன். நான் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"கசப்பு உடம்புக்கு நல்லதுன்னு... தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்" என்றார்.

"சின்னப் பிள்ளைக்கு இருக்கிற புத்திகூட இல்லையே உங்களுக்கு" என்று டாக்டரம்மா திட்டிவிட்டுப் போனார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்து வாங்கப் போனான்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் மெல்ல.

"காய்ச்சல் வந்ததுலேர்ந்தே தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. "பையன்கிட்ட சொல்லிடாத. தெருவுல தலைகாட்ட முடியாது. உன் கால்ல வேணாலும் விழறேன்."

"விழ வேண்டாம். அந்தக் கொடியைப் பிடுங்கிப் போடறேன், சரியா?"

"அது என்ன பாவம் பண்ணுச்சு? இன்னும் ரெண்டு பிஞ்சு பிடிச்சிருக்கு..."

"பையன் வர்றான்."

மகன் உள்ளே வந்து, "என்னம்மா, அப்பா அழறாரு?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. மாடியில எல்லாத்தையும் பிடுங்கிப் போடச் சொல்றாரு. அப்படித்தானேங்க?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

அன்று சாயங்காலமே மாடிக்குப் போனேன். வேர் லேசில் வரவில்லை, பீப்பாயில் காலை உதைத்து இழுத்தேன். இரண்டு பிஞ்சில் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். துளிக்கூடக் கசக்கவில்லை, நல்ல இனிப்பு. இரண்டையும் கொடியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அதையும் அவரிடம் சொன்னேன்.