ஏழாம் மாடியில் பெய்த பனி

குராமோச்சி பதிப்பகத்தின் ஏழாம் மாடியில், முதலாளி அறைக்குள் மட்டும், 1979 பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பனி பெய்யத் தொடங்கியது. பதினைந்து வருடம் நிற்கவில்லை. கூரையில் ஓட்டை இல்லை. எட்டாம் மாடிக் கிடங்கில், கடைகளிலிருந்து திரும்பி வந்த புத்தகங்கள் காய்ந்தே கிடந்தன. பராமரிப்புக்காரர்கள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, குழாய்களெல்லாம் சரியாக இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆகஸ்டில் டோக்கியோ முழுக்க வியர்த்து வழிந்தபோதும் அந்த அறையில் நாளைக்கு நான்கு விரற்கடை பனி சேர்ந்தது. பொது நிர்வாகப் பிரிவு ஆட்கள் காலையில் முதல் வேலையாக அதை வாளிகளில் அள்ளிக் கழிவறையில் கொட்டுவார்கள்.

அந்த அறைக்கு ஏற்ற ஆள்தான் குராமோச்சி ரெய்ஜி. அவருடைய அப்பா விட்டுப்போனது பூச்சி அகராதியும் விவசாயப் பஞ்சாங்கமும் அச்சடிக்கும் கம்பெனி. மகன் வந்த ஆறே வருடத்தில் நாவலும் அதன் சினிமாவும் ஒரே நாளில் வெளியாகும் என்றார்; ஆயின. சோப்பு விளம்பரத்துக்கும் பீர் விளம்பரத்துக்கும் நடுவே டெலிவிஷனில் நாவலை விற்றார். வெள்ளைக் குதிரையில், கம்பெனி இருக்கும் காந்தா புத்தகக் கடைத்தெருவுக்கு வந்து, குதிரை போட்ட சாணத்தின் மேல் நின்று கையெழுத்துப் போட்டார். பழைய பதிப்பாசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடியில் பிழை திருத்தும் நாங்கள் அவரைக் கேலி செய்தோம். வருடக் கடைசியில் அவர் கொடுத்த போனஸை மட்டும் கேலி செய்யாமல் வாங்கிக்கொண்டோம்.

அந்தக் குளிர்காலம் நீகாத்தா மலையில் அவருடைய ஏழாவது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சியில் ஒரு படையைப் பனிச்சரிவு மூட வேண்டும். பதினோரு நாள் காத்திருந்தும் பனி சரியவில்லை. படம் வெளியாகும் தேதியோ நாவலின் அட்டையைச் சுற்றும் காகிதப் பட்டையில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. வெள்ளைக் கரடித்தோல் கோட்டு போட்ட முதலாளி, மலையைப் பார்த்துக் கை தட்டி, "வெடி வைங்கடா" என்றார். எங்கள் கம்பெனியில் முதலாளி வாயால் சொன்னாலும் தாள் சுற்றி வந்தாக வேண்டும். வெடி மருந்துக்கான அனுமதித் தாள் டோக்கியோவுக்கு வந்தது. தாளின் இடது ஓரத்தில், கையெழுத்துக்குப் பதில் வைக்கும் முதலாளியின் முத்திரைக்கான கட்டம். அதற்கு வலப்பக்கம் இயக்குநர் குழு, மேலாளர்கள், பிரிவுத் தலைவர்கள், கடைசியாகக் குமாஸ்தா என்று பன்னிரண்டு கட்டங்கள். சின்னவர்கள் தங்கள் முத்திரையை நேராகப் பதிக்க மாட்டார்கள். பெரியவரின் முத்திரைக்கு வணக்கம் சொல்வதுபோல இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பதிப்பார்கள். எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் எல்லோர் கவனமும் இருந்ததே தவிர, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இல்லை. மூன்றாம் கேமரா பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் என்ற நாலாவது வரியை யாரும் படிக்கவில்லை. பன்னிரண்டாவது கட்டத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும் அவசரத்தில், எல்லோரையும்விட அதிகமாகச் சாய்த்து முத்திரை பதித்தவர் பொது நிர்வாகப் பிரிவுக் குமாஸ்தா ஹிராகா மிசுவே. மூன்றாம் கேமராவைப் பிடித்திருந்தவர் அவருடைய கணவர் தெய்சோ.

மறுநாள் காலை வெடி வைத்த நிமிடத்தில்தான் டோக்கியோவில் முதலாளியின் காலி நாற்காலி மேல் முதல் பனி விழுந்தது.

தெய்சோவின் உடல் கிடைக்கவில்லை. நான்கு நாள் தேடினார்கள். அதற்குமேல் தேடினால் பத்திரிகைக்குத் தெரிந்துவிடும் என்று நிறுத்தினார்கள். ஒளிப்பதிவு உதவியாளர் ஹிராகா தெய்சோ சொந்தக் காரணங்களால் வேலையை விட்டு விலகிச் சென்றார் என்று அறிவிப்பு வந்தது. பிழை பார்க்க அது என் மேஜைக்குத்தான் வந்தது. நான் ஒரு காற்புள்ளியை மட்டும் இடம் மாற்றினேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாகாத ஆளுக்கு ஈமச்சடங்கு கிடையாது, கல்லறையில் வைக்க எலும்பு கிடையாது. எவளோடோ ஓடிப்போய்விட்டான் என்று மாமியார் வீட்டுத் தெருவில் பேசினார்கள். மிசுவே கோப்பு அறைக்குப் போய் அந்த அனுமதித் தாளை எடுத்துவந்து தன் பிரிவுத் தலைவர் ஒகுனுகியின் முன்னால் வைத்தார்.

"இதப் போலீஸ்ல குடுக்கப் போறேன்."

ஒகுனுகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடும்மா. கடைசிக் கட்டத்துல யாரு முத்திரை இருக்குன்னு மட்டும் ஒருவாட்டி பாத்துட்டுக் குடு."

மிசுவே அப்போதுதான் பார்த்தார். தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை பனி அள்ளும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்தச் சரிவுக் காட்சியில், திரையின் அடியில், இரண்டு விநாடி ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். பல லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள், வாயைப் பிளந்தார்கள், அழுதார்கள். மிசுவே பதினேழு முறை பார்த்தார். முதலாளியோ தன் அறைப் பனியையும் விளம்பரமாக்கிவிட்டார். நிருபர்களைக் கூப்பிட்டு, மேஜையிலிருந்து ஒரு கை பனி அள்ளி விஸ்கியில் போட்டுக் கொடுத்தார். எழுத்தாளர்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஒப்பந்தம் போட வந்தார்கள். மீசையில் பனி தொங்க அவர் சிரிக்கும் படம் வார இதழ் அட்டைகளில் வந்தது. எதையும் நான்கு நாளைக்குமேல் ஆச்சரியமாக வைத்துக்கொள்ளாத ஊர் டோக்கியோ. பிறகு அது வெறும் குளிரான அறை.

வருடா வருடம் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி மிசுவே வாளியைக் கீழே வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பார். "முதலாளி, அவர் செத்துட்டாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

"எழுதிடலாம் ஹிராகா-சான். அடுத்த படம் வெளிவரட்டும்." தெய்சோவை அவர் மறக்கவே மாட்டார், அதுதான் கொடுமை. "உன் வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஷாட்டுக்கு இறங்கி நிக்க இன்னிக்கி ஆள் இல்லம்மா" என்று உண்மையாகவே கண் கலங்குவார். மிசுவே குனிந்து வணங்கிவிட்டு வாளியை எடுத்துக்கொள்வார்.

அடுத்த படம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவற்றில் ஒன்றுக்காகக் கடலில் நிஜ அரண்மனை கட்டி எரித்தார். அரண்மனையும் எரிந்தது, படமும் எரிந்தது. 1993 இலையுதிர் காலத்தில் இயக்குநர் குழு கூடி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். பழக்கதோஷத்தில் அதிலும் எல்லா முத்திரைகளும் அவருக்கு வணக்கம் சொல்லிச் சாய்ந்திருந்தன. அவர் மனைவியின் அண்ணன் புதிய முதலாளியானார். அவருக்கு மூட்டுவலி. ஏழாம் மாடி அறையைப் பூட்டச் சொல்லிவிட்டு இரண்டாம் மாடியில் உட்கார்ந்தார். அள்ள ஆளில்லாமல் பனி ஏறியது. ஜனவரியில் கதவு வெளியே புடைத்தது. பிப்ரவரியில் தாழ்ப்பாள் தெறித்தது.

பத்தொன்பதாம் தேதி காலை மிசுவே மண்வாரியோடு வந்தார். யாரும் அனுமதித் தாள் கேட்கவில்லை. நானும் ஒரு மண்வாரி எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் காற்புள்ளிக்காகத்தான் போனேன். பத்து மணி தாண்டியதும் முதலாளியின் மேஜை இருந்த இடத்தில் ஒரு கை தட்டுப்பட்டது. அப்புறம் மிசுவே வாரியை வீசிவிட்டு விரலால் தோண்டினார். தெய்சோ முழங்கால் போட்டபடி இருந்தார், கண் கேமராவின் மேலேயே இருந்தது. இருபத்தொன்பது வயது. கன்னத்தில் சவரம் செய்த காயம்கூட ஆறியிருக்கவில்லை. மிசுவேக்கு அப்போது நாற்பத்துமூன்று. அவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கணவரின் தலையில் போர்த்தினார்.

செய்தி எப்படிப் போனதோ, அரை மணி நேரத்தில் பழைய முதலாளி குராமோச்சி ரெய்ஜி வாசலில் நின்றார். கரடித்தோல் கோட்டு ரோமம் உதிர்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. பிணத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு அவருக்குத் தாங்கவில்லை.

"கேமரா உடையல பாரு. பனிக்குள்ள இருந்த ஃபிலிம், கெட்டிருக்காது. சரிவுக்கு உள்ளேருந்து எடுத்த ஷாட் ஹிராகா-சான்! உலகத்துலயே எவன்கிட்டயும் கிடையாது!"

"தாள் எழுதி அனுப்புங்க" என்றார் மிசுவே, திரும்பிப் பார்க்காமல். "சுத்தி என் மேஜைக்கு வரட்டும். இந்தவாட்டி படிச்சுப் பாக்குறேன்."

குராமோச்சி தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு படியிறங்கிப் போனார். தாள் வரவில்லை.

காவல் நிலையத்தில் இளம் அதிகாரி ஒருவர் இறப்பு இடம் என்ற கட்டத்தில் நீகாத்தா மலை என்றும், கிடைத்த இடம் என்ற கட்டத்தில் காந்தா, ஏழாம் மாடி என்றும் எழுதினார். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இறந்தவர் முகத்தையும் மிசுவேயின் முகத்தையும் மட்டும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பிங்களாம்மா?" என்றார்.

"வீட்டுக்காரரு."

உடலைப் பெற்றுக்கொண்டதற்கான தாளை அவர் நகர்த்தி வைத்தார். மிசுவே மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்து, கட்டத்தின் நடுவில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். அது நேராக விழுந்திருந்தது. ஏழாம் மாடியில் அன்று மத்தியானம் பனி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது அங்கே திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்கள்.