டீச்சரின் அக்கா

தாடையைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணி வேண்டுமென்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டபோது சீனியம்மாளுக்கு உடனே எதுவும் தோன்றவில்லை. பீரோவைத் திறந்தாள். எல்லாம் தங்கை நாகஜோதி பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன வாயில் சேலைகள். கிழிக்க மனம் வரவில்லை. கடைசியில் அடுப்பங்கரை அலமாரியிலிருந்து ஒரு பாண்டேஜ் சுருளை எடுத்துவந்தாள். பாண்டேஜ் நெய்கிற ராஜபாளையம் பக்கம் எந்த வீட்டிலும் அது இல்லாமல் இருக்காது.

"தலையச் செத்தத் தூக்கிப் பிடி. நானே கட்டுதேன்."

உச்சியில் முடிச்சுப் போட்டதும் தங்கையின் முகம் பல்வலி வந்த சின்னப்பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது. விடியற்காலை காப்பி கொண்டுபோய் எழுப்பியபோதே உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறாள். சீனியம்மாளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. இருமல்தான் வந்தது. மில்லை விட்டு எத்தனையோ வருஷமாகியும் பஞ்சு நெஞ்சை விட்டுப் போகவில்லை. அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு, முதலில் போகிறவள் தான்தான் என்று நினைத்திருந்தாள். நாகஜோதியும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும், பெரியப்பா வழி அண்ணன் மகன் பொன்னுராஜ் பைக்கில் வந்து இறங்கியதும் காரியங்கள் அவன் கைக்குப் போயின. வாசலில் பந்தல் வந்தது, குளிர்பெட்டி வந்தது. சீவில்லிபுத்தூரின் அந்தக் குறுகிய தெருவில் கார்கள் நுழைய முடியாமல் முக்கிலேயே நின்றன.

வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் நாகஜோதியிடம் படித்தவர்கள். அவள் வேலை பார்த்தது ராஜபாளையத்தில், ஸ்பின்னிங் மில் இருக்கும் அதே ரோட்டில் உள்ள பள்ளிக்கூடம். வக்கீல் ஒருவர் வந்தார். ஒரு பெண் போலீஸ் சீருடையோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். லாரி ஓட்டுகிற ஒருவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். இம்புட்டுப் பேரா என்று சீனியம்மாள் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லில் அவளோடு நின்று வேலை பார்த்தவர்கள் செத்தபோது, ஷிப்டு முடிந்து போய் நின்ற நாலைந்து பேர்தான் உண்டு.

தலைமையாசிரியர் மாலை போட்டுவிட்டு, "சொந்தத்துல யாருப்பா?" என்றார்.

"நான்தான் சார். அண்ணன் மகன்" என்று பொன்னுராஜ் முன்னால் போய் நின்றான்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. சட்டை நனைந்த ஒரு இளைஞன் சீனியம்மாளிடம் வந்தான். "ஆயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் நாலுபேர் கேட்டார்கள். குடத்திலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தாள். செம்பைத் திருப்பித் தந்த ஒரு பெண் பரிவோடு கேட்டாள். "டீச்சர் வீட்டுல ரொம்ப வருஷமா வேலை பாக்குறீங்களோ?"

"ஆமா" என்றாள் சீனியம்மாள். "ரொம்ப வருஷமா."

பொன்னுராஜ் ஓடிவந்து செம்பை வாங்கிக்கொண்டான். "அத்தை, உள்ள போய் உக்காருங்க. இதெல்லாம் நீங்க எதுக்குச் செய்றிய?"

"உக்காந்தா இருமல் வருதுலே."

ஆனாலும் உள்ளே போனாள். கால்கள் கடுத்தன.

அப்பா போனபோது இரண்டுபேரில் ஒருத்திதான் படிக்க முடியும் என்றாகிவிட்டது. சீனியம்மாள் மில்லில் நூல் சுற்றுகிற பிரிவுக்குப் போனாள். பள்ளி முடித்ததும் நாகஜோதியையும் மில்லுக்குக் கூப்பிட்டார்கள். "ஒருத்தி பஞ்சு தின்னாப் போதும். நீ டீச்சருக்குப் படி" என்று சொன்னவள் சீனியம்மாள்தான். இருவருக்கும் கல்யாணப் பேச்சு வந்து வந்து தட்டிப்போனது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போயிருக்கிறாள். நாகஜோதி கண்ணாடியை இவளுடைய சாப்பாட்டுப் பையில் மறந்துவிட்டுப் போன நாள். தலையெல்லாம் பஞ்சோடு, ஷிப்டு முடிந்து கிளம்பியவர்களோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். நாகஜோதி வேகமாக இறங்கிவந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, "சரிக்கா, நீ போ" என்றாள். அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இவள் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் ரோட்டின் எதிர்ப்பக்கமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

"அம்மா, நீங்க டீச்சருக்கு அக்காவா?"

தோளில் கைப்பையோடு ஒரு பெண் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். சேலை முந்தானையில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது.

"எப்படித் தெரியும்?"

"மூக்கும் நெத்தியும் அப்படியே இருக்கு. எம்பேரு ஹஸீனா. டீச்சர்கிட்ட படிச்சேன். இப்ப நானும் டீச்சர்தான், பிரைவேட் ஸ்கூல்ல. அர நாள் லீவு கேட்டு வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

"ரொம்ப அலைச்சலோ?"

"வருஷா வருஷம் விட்டுறணும்னுதான் நெனைக்கேன். பொறவு ஜூன் மாசம் வந்திருது."

சீனியம்மாள் லேசாகச் சிரித்தாள். நாகஜோதியும் இப்படித்தான் சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்வாள். சீனியம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வகுப்புல என்னையப் பத்தி எதும் சொல்லுவாளா?"

ஹஸீனா யோசித்தாள். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாத பெண்ணாக இருந்தாள்.

"இல்லம்மா. வீட்டுப் பேச்சே எடுக்க மாட்டாங்க. அக்கா இருக்காங்கன்னே இன்னைக்குத்தான் தெரியும்."

"அதான். கேட்டேன்."

வாசலில் சங்கு ஊதினார்கள். எடுக்கப்போகிறார்கள். ஹஸீனா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"சங்குன்னா எனக்கு எப்பவும் டீச்சர் ஞாபகம்தான்ம்மா."

"எதுக்கு?"

"கடைசிப் பீரியடு எங்களுக்கு அவங்கதான். மில்லுல சாயங்கால ஷிப்டு முடியச் சங்கு ஊதுவாங்கள்ல, ஊதி செத்த நேரத்துல பாடத்த நிப்பாட்டிருவாங்க. சாக்பீஸக் கீழ வச்சிட்டு ஜன்னல்கிட்டப் போயி நிப்பாங்க. மில்லு ஆளுக ரோட்டுல கூட்டமாப் போவாங்க, அதப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. நாங்க சத்தம் போட்டாக்கூட அவங்க காதுல விழாது. பொறவு வந்து விட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்பாங்க."

"தினமுமா?"

"தினமும்தான். என்ன டீச்சர் பாக்குறீங்கன்னு ஒருநாள் கேட்டோம். 'ஆள் போயாச்சு, பாடத்தப் பாருங்க'ன்னுட்டாங்க. யார்னு சொல்லல."

சீனியம்மாள் சேலை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"எந்த ஜன்னல்?"

"மாடியில, ரோட்டுப் பக்கத்து ஜன்னல்."

வெளியே பொன்னுராஜ் கூப்பிட்டான். சீனியம்மாள் வாய்க்கரிசி போட்டாள். அரிசி பாதி கன்னத்தில் சிந்தியது. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருந்தாள். "போதும்க்கா, நேரமாச்சு" என்று யாரோ கையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

பெண்கள் தெருமுக்கோடு நின்றுகொண்டார்கள். சீனியம்மாள் நிற்கவில்லை. பாடைக்குப் பின்னால் நடந்தாள்.

"சீனியக்கா, இதுக்கு மேல போகக்கூடாது!"

காதில் விழாததுபோல் மெயின் ரோடு வரைக்கும் போனாள். அங்கே ஊர்வலம் கடப்பதற்காக ராஜபாளையம் டவுன் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. பாடை எதிர்ப்பக்கம் இறங்கி, கருவேல மரங்களுக்கிடையில் போய்க்கொண்டிருந்தது. மாலையின் நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

பஸ் ஜன்னலில் இருந்த ஒரு பெண் எட்டிக் கேட்டாள். "யாரும்மா தவறுனது?"

"எந் தங்கச்சி" என்றாள் சீனியம்மாள். இருமல் வந்தது. அடங்கியபிறகு மறுபடியும் சொன்னாள். "எந் தங்கச்சி நாகஜோதி."

பஸ் மெதுவாக நகர்ந்தது.

தார் ரோடு கொதித்தது. கால் சுடுவது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் நகரத் தோன்றவில்லை. பின்னாலிருந்து மூச்சு வாங்க ஹஸீனா வந்து, வாசலிலிருந்து எடுத்துவந்த செருப்பைத் தரையில் போட்டாள். சீனியம்மாள் ஒரு காலை நுழைத்தாள். இன்னொன்று கவிழ்ந்து கிடந்தது. தடவித் தடவிப் பார்த்தும் கால் சேரவில்லை.

ஹஸீனா குனிந்து அதை நிமிர்த்தி வைத்தாள்.