மேற்கே போகாத வண்டி

கலை வரலாற்றுத் துறையின் ஸ்லைடு அறை என் பொறுப்பு. பேராசிரியர் ஆல்டன் தேயர் வகுப்பில் திரையில் காட்டக் கேட்கும் ஓவிய ஸ்லைடுகளைப் பத்தொன்பது வருடமாக அடுக்கித் தருகிறேன். அத்தனை வருடத்தில் அவர் ஒரு மியூசியத்துக்குப் போனதாக நினைவில்லை. மாநாடு என்றால் போவார். அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும்.

அவரைப் பெரிய மனிதராக்கியது ஒரே ஓவியம். ஊர் ஊராகச் சுற்றிய, பெயர் தெரியாத ஓவியன் வரைந்த மாட்டு வண்டி. வண்டி இடப்பக்கம் போகிறது. வரைபடத்தில் இடப்பக்கம் மேற்கு. ஆகவே அமெரிக்காவே மேற்கே புறப்பட்டுவிட்டது என்று முந்நூறு பக்கம் எழுதினார். வண்டிக்காரன் சாட்டையை இடக்கையில் பிடித்திருப்பதற்குத் தனி அத்தியாயம். சட்டத்துக்கு அடங்காத கையாம்! அதற்குப் பரிசு வேறு.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த மார்னி கோவால்சிக், பஸ் ஏறி அந்த ஓவியம் இருக்கும் ஒஹாயோ மியூசியத்துக்கே போய்விட்டாள். திரும்பியதும் நேராக என்னிடம் வந்தாள்.

"பெர்னீஸ், வண்டி வலது பக்கம் போகுது. சாட்டை வலது கையில. நிலத்தை விட்டுட்டு, தோத்துப்போய் கிழக்கே திரும்புறாங்க."

ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று காட்டும் சிவப்புப் பொட்டு பின்பக்கம் ஒட்டியிருந்தது; திரையில் படம் இடம் வலமாகத்தான் விழும். பக்கத்தில் 'இப்படியே வைக்கவும்' என்று தேயரின் கையெழுத்து.

"இதையா ஆய்வேட்டுல எழுதப்போற? உன் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுறவரே அவர்தான்டி."

"கண்ணால பார்த்ததை வேற எங்க எழுதுறது?"

ஸ்லைடு போட நானும் இருந்த வாய்மொழித் தேர்வில், அவள் தான் எடுத்த புகைப்படத்தைக் காட்டினாள்.

"போட்டோக் கடைக்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருப்பான்," என்று தேயர் சிரித்தார். கூட இருந்த மூன்று பேராசிரியர்களும் சிரித்தார்கள்.

"ஓவியத்துக்குப் பக்கத்துல வெளியே போற வழிக்கான போர்டு தெரியுது, புரொஃபசர். அதுல எழுத்து நேராத்தானே இருக்கு?"

தேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கம்மா. ஆனா இந்த அத்தியாயம் ஆய்வு இல்ல, சுற்றுலாக் கட்டுரை. எடுத்துடு, கையெழுத்துப் போடுறேன்."

எடுத்தாள். ஆறு வருட உழைப்பு, வேறென்ன செய்வாள்?

அடுத்த வசந்தத்தில் ஓர் ஆய்விதழில் தேயரின் புதிய கட்டுரை வந்தது. கிழக்கே திரும்பும் வண்டி, தோற்றுப்போன அமெரிக்கா, எல்லாம் அவரே கண்டுபிடித்ததாம். மார்னியின் பெயர் எங்கும் இல்லை. அடிக்குறிப்பில் நான் இருந்தேன்: இத்தனை வருடப் பிழைக்கு ஸ்லைடு அறை ஊழியரின் கவனக்குறைவே காரணம்.

அவர் கையெழுத்துள்ள ஸ்லைடைப் பெரிதாகப் படமெடுத்தேன். மார்னியைக் கேட்டு அவளுடைய அத்தியாயத்தை வாங்கினேன். அவர் சிவப்பு மையில் குறுக்கே அடித்த கோடும் தேதியும் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் அந்த ஆய்விதழுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. மிகக் கடுமையான குற்றச்சாட்டாம். அந்த ஓவியத்தைப் பற்றி நன்கு அறிந்த நிபுணர் ஒருவரிடம் கருத்துக் கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம்.

துறைக்கு வரும் தபாலைப் பிரித்துப் போடுவதும் என் வேலைதான். மறுநாள் அந்த ஆய்விதழிலிருந்து வந்த தடித்த உறையை தேயரின் பெட்டியில் நானே வைத்தேன்.