கணவாய் வயிற்றில் ஒரு ஜன்னல்

சோழியன் குடுமி சும்மா ஆடாது. கிளெனிஸுக்கு இது தெரியாமல் இல்லை. நாற்பத்தாறு வயதாகும் மகன் ஷேன், வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே போன் செய்து, குளிர்கால விளக்குத் திருவிழாவைப் படகில் போய்ப் பார்க்கலாம் வாம்மா என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனாலும் வந்தாள். பெற்ற மனம் பித்து, வேறென்ன சொல்ல.

படகு டார்லிங் துறையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. இறால் விறைத்துக் கிடந்தது. ஒயின் புளித்தது. பின்மேசையில் ஒருத்தன் காது கிழியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"காசு குடுத்துக் குளிர்ல நடுங்கறதுக்கு இத்தனை கூட்டமா?" என்றாள்.

"உனக்கு எதுதாம்மா பிடிச்சிருக்கு?"

"என் வீடு பிடிச்சிருக்கு."

ஷேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு வருடமாக அந்த வீட்டைப் பற்றித்தான் சண்டை. துறைமுகப் பாலத்துக்குப் பக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும் மார்லின் கோர்ட் என்கிற அடுக்குமாடியில், நான்காவது மாடியில் இருக்கிறது கிளெனிஸின் வீடு. அதை விற்று நகரத்துக்கு வெளியே கோஸ்ஃபர்டில் பெரிய வீடு கட்ட வேண்டும், பின்பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு ரூம் போட்டுவிடலாம் என்பது ஷேனும் அவன் மனைவி நரேலும் போட்ட திட்டம். "நான் செத்தப்புறம் வித்துக்கோ. அதுவரைக்கும் பொறுக்க முடியலன்னா வேற அம்மாவைப் பாத்துக்கோ" என்று அவள் நேராகவே சொல்லிவிட்டாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அம்மா தனியாக இருக்கிறாளே என்று அவன் பட்ட கவலையெல்லாம் அந்த வீட்டின் விலையைப் பற்றியது.

இந்த வருடத் திருவிழாவில் மார்லின் கோர்ட் சுவரையே திரையாக்கிப் படம் காட்டினார்கள். ராட்சதக் கணவாய் மீன் ஒன்று எட்டு மாடி உயரத்துக்கு நெளியும். அதனால் பொழுது சாய்ந்ததும் தண்ணீர்ப் பக்கத்து அறைகளில் யாரும் விளக்குப் போடக்கூடாது, திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிளெனிஸ் முதல் நாள் திட்டித் தீர்த்தாள். மறுநாளிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டுக்கு அவளே காவல்காரி. இரண்டாம் மாடிக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்த வெளிச்சத்துக்கே கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினவள் அவள்.

அப்படிப்பட்டவளை ஷேன் அவள் வீட்டுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வைத்திருந்தான். "இந்தப் பக்கம் ஓபரா ஹவுஸ் நல்லா தெரியும்மா" என்றான். மேசைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இடது பக்கம் பாருங்க, மார்லின் கோர்ட் கணவாய் வருது" என்று ஒலிபெருக்கியில் கேப்டன் சொன்னதும் எல்லோரும் மேல்தளத்துக்கு நகர்ந்தார்கள். கிளெனிஸும் எழுந்தாள்.

"காத்தடிக்குதும்மா. உன் முட்டியை வச்சுக்கிட்டு எங்க ஏறப் போற? உக்காரு."

"மூணு வாரமா டார்ச் வெளிச்சத்துல சூப் குடிச்சிருக்கேன். எதுக்காகக் குடிச்சேன்னு பாக்க வேண்டாமா?"

பார்த்தாள். ஊதாவும் ஆரஞ்சுமாக, கால்களை அசைத்துக்கொண்டு சுவர் முழுக்க நீந்தியது கணவாய். அழகாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, கணவாயின் வயிற்றில் மஞ்சளாக ஒரு ஜன்னல் எரிந்தது.

படகே முனகியது. "யாரோ ஒரு புண்ணியவான், ஊர் பூரா அணைச்சாலும் நான் அணைக்க மாட்டேன்னு இருக்காரு" என்றார் கேப்டன். சிரிப்பும் ஊளையும் எழுந்தன. "எந்த மடையன் அது?" என்றான் பக்கத்தில் நின்ற கம்பளிக் குல்லாய்க்காரன்.

கிளெனிஸும் அதையே கேட்க வாயைத் திறந்தாள். காலையில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டுமே. நான்காவது மாடி. மூலையிலிருந்து மூன்றாவது. ஜன்னலில் தொங்கும் பெரணிச் செடித் தொட்டியின் நிழல். திறந்த வாய் அப்படியே நின்றது.

விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். மாற்றுச் சாவி இருந்தது ஒரே ஒருத்தனிடம். முட்டி ஆபரேஷன் முடிந்த சமயத்தில், எங்கேயாவது விழுந்து கிடந்தால் யாராவது கதவைத் திறக்க வேண்டாமா என்று அவளேதான் கொடுத்தாள்.

திரும்பினாள். ஷேன் இரண்டு கட்டைவிரலாலும் போனில் படபடவென்று எழுதிக்கொண்டிருந்தான்.

"யாரு என் வீட்டுல?"

"யாரும் இல்லம்மா. நீதான் சமையலறை விளக்கை அணைக்க மறந்திருப்ப."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஜன்னலும் எரிந்தது.

"அதையும் நான்தான் மறந்தேனா? இங்கேருந்தே போட்டேனா?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். "சும்மா பாக்கத்தாம்மா. வாங்கறவங்க ரெண்டு பேர். நரேல்தான் கூட்டிட்டுப் போயிருக்கா, ஏஜென்ட்டும் கூட இருக்காரு. நல்ல விலை சொன்னா நீ மனசு மாறுவேன்னு..."

"ஏஜென்ட்கிட்ட என்ன சொன்ன?"

"அம்மா..."

"என்ன சொன்ன?"

"நீ சரின்னு சொல்லிட்டன்னு."

மடிக்காத படுக்கை. பாத்ரூம் கொடியில் காயும் உள்ளாடை. அதையெல்லாம் யாரோ இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் மருமகள் நின்று சுவரின் அகலம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தன் வீட்டு விளக்கு என்று முத்தமிட்டால் சுடாமல் விடுமா?

கைப்பையிலிருந்து போனை எடுத்து நரேலை அழைத்தாள்.

"ஹலோ கிளெனிஸ், படகு எப்படி இருக்கு?" குரலில் தேன் சொட்டியது.

"ரொம்ப நல்லா இருக்கு. இங்கேருந்து உன்னைத் தெரியுது."

நரேல் பேச வாயெடுப்பதற்குள் கிளெனிஸே தொடர்ந்தாள்.

"விளக்கெல்லாம் அணைச்சிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போ. வீட்டுக்காரி படகுல நின்னு பாத்துட்டிருக்கா, வீடு விக்கறதுக்கு இல்லன்னு அவங்ககிட்ட நீயே சொல்லு. என் துணிமணியைப் பாத்தவங்க மன்னிப்பு வேணா கேட்டுட்டுப் போகட்டும்."

படுக்கையறை அணைந்தது. பிறகு சமையலறை. கணவாயின் வயிறு மூடிக்கொண்டது. படகில் எல்லோரும் கை தட்டினார்கள், யாரோ விசிலடித்தார்கள்.

"ஒருவழியா அந்த மடையனுக்குப் புத்தி வந்துச்சு" என்றான் குல்லாய்க்காரன்.

"மடையன் அங்க இல்ல, இங்க நிக்கறான்" என்று கிளெனிஸ் மகனைத் தாடையால் காட்டினாள். குல்லாய்க்காரன் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு நகர்ந்தான்.

"சாவி."

ஷேன் வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

"இன்னும் எத்தனை சாவி வெட்டின?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "நரேல்கிட்ட ஒண்ணு. ஏஜென்ட்கிட்ட ஒண்ணு."

படகு கரைக்குத் திரும்ப இன்னும் நேரம் இருந்தது. நடுத்தண்ணியில் எங்கே எழுந்து போவது? இருவரும் கீழே வந்து அதே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பாவ்லோவா கேக் வந்தது. அவன் அதைக் கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தான். அவள் தன்னுடையதைத் தின்று முடித்துவிட்டு, அவன் எதிரிலேயே பூட்டுக்காரனுக்குப் போன் போட்டாள்.

இன்றைக்கே வந்து பூட்டை மாற்றித் தருவதாகச் சொன்ன அந்த ஆள், எத்தனை சாவி வேண்டும் என்று கேட்டான்.

"ஒண்ணு."

"தனியாவா இருக்கீங்க? ரெண்டா வாங்கிக்கோங்க. ஒண்ணு பிள்ளைங்ககிட்ட இருக்கட்டும். விழுந்து கிழுந்து போனா கதவைத் திறக்க ஆள் வேணும்ல?"

கிளெனிஸ் ஷேனைப் பார்த்தாள். அவன் கரண்டி நின்றிருந்தது. எல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"ஒண்ணு போதும்" என்றாள்.