பீரோவுக்கு ஒரு மணி

பிள்ளைகள் பேட்டரி, கம்பி வைத்துச் செய்து பழகப் பள்ளிக்கு நன்கொடையாக வந்த கண்டுபிடிப்புப் பெட்டிகளை அறிவியல் டீச்சர் வாங்கிய கையோடு வகுப்பு மூலையிலிருந்த பீரோவில் வைத்துப் பூட்டினார். "இதுங்க கையில குடுத்தா குரங்கு கையில பூமாலைதான்" என்பார். கொடுத்தவர்கள் பார்க்க வந்த அன்றுதான் ஒரே ஒரு பெட்டி வெளியே வந்தது.

வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி இருந்தாள். ஊமைக்கோட்டான் என்பது அவளுக்குப் பட்டப்பெயர். அவள் அந்தப் பெட்டியிலிருந்த பேட்டரியையும் கம்பியையும் கோத்து, கதவைத் திறந்தால் அலறும் மணி ஒன்றைச் செய்துவிட்டாள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள்.

டீச்சர் அந்த மணியை அவளைக்கொண்டே பீரோவில் மாட்டவைத்தார். "இனிமே பூட்டு எதுக்கு? எவ தொட்டாலும் தெரிஞ்சிடும்."

சில வாரங்களில் மணியின் குரல் கம்மியது. செய்தவளுக்குப் பொறுக்குமா? இடைவேளையில் பீரோவைத் திறந்து, ஒரு பெட்டியைப் பிரித்து, புது பேட்டரி எடுத்துப் போட்டாள். கதவை மூடித் திறந்து பார்த்தாள். மணி பள்ளிக்கூடமே கேட்க அலறியது.

ஓடிவந்த டீச்சர் அவள் காதைத் திருகினார்.

"பேட்டரி மாத்தினேன் டீச்சர், சத்தம் சரியா வரல..."

"அடிப்பாவி, பேசக்கூட வருமா உனக்கு? கையும் களவுமா மாட்டினதும் வாய் வந்துடுச்சு பாரு!"

வகுப்பே சிரித்தது.

அன்றிலிருந்து அவள் வகுப்புக்குள் கால் வைத்தாலே பிள்ளைகள் அந்த மணியைப் போல ஒன்றாகக் "கீ..." என்று கத்தினார்கள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடத்தைத் தொடங்குவார்.

அவள் மறுபடி பீரோ பக்கமே போகவில்லை. பேட்டரி மாற்ற ஆளில்லாமல் மணி செத்துப்போனது. பிள்ளைகளின் வாய்க்குப் பேட்டரி தேவைப்படவில்லை.