கருவாடு காயாத இருநூறு அடி

எருக்கலம்பிட்டிக்குப் போகும் றோட்டு இரண்டு மைல்தான். தலைமன்னார்த் தெருவில் பிரிந்து, பனங்கூடலுக்குள்ளால் ஓடி, கடல்நீர்க் களப்பின் ஓரமாக வளைந்து, ஊர்ப் பள்ளிவாசலடியில் முடிந்துவிடும். நாடு சுதந்திரமடைந்து பத்து வருசமாகியும் அது மணல் பாதையாகவே கிடந்தது. அந்த வருசம் ஆடி மாதத்தில்தான் றோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் சிங்கராசா அதைத் தார் றோட்டாக்க வந்தார்.

மணலில் றோட்டுப் போடுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் தீவுக்கு வெளியே பெருநிலத்திலிருந்து கிறவலை, அதாவது செம்மண் கலந்த சரளையை, லொறியில் கொண்டுவந்து அரை அடி உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அதன்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் பட்டால்தான் கிறவலில் உள்ள செம்மண் இளகிக் கல்லிடுக்குகளுக்குள் இறங்கும். அப்போது றோலர் ஏறி மிதித்தால் எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துப் பலகை போல இறுகிவிடும். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் தார்.

கிறவல் வேலை முடிந்து காயவிட்டிருந்தார்கள். தார் பீப்பாய்கள் வந்து இறங்கியிருந்தன. வருகிற திங்கட்கிழமை றோலரை வெள்ளாங்குளத்து வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று கந்தோரில் இருந்த மேலதிகாரிகளின் கட்டளை. அதற்குள் தார் போடாவிட்டால் மாரி மழை கிறவலைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஊருக்கு வரவிருந்த பஸ்ஸும் அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்போகும்.

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் 'நானா' என்று அழைக்கும் கருவாட்டு வியாபாரி ஜவாஹிர் சிங்கராசாவைத் தேடி வந்தார். றோட்டு இறுகிய நாளிலிருந்து அவர் அதில்தான் பாய் விரித்து மீன் காயவைத்தார். மணல் ஒட்டாத தரை அந்த ஊரில் வேறெங்கும் இல்லை.

"ஓவசியர் ஐயா, உங்கட றோட்டில ஒரு பிழை இருக்கு."

"றோட்டில கருவாடு போட்டது உங்கட பிழை, நானா."

"அதுக்கு வழக்கைப் பிறகு போடுங்கோ. இப்ப வந்து பாருங்கோ. பனையடியில போட்டது விறகு மாதிரிக் காய்ஞ்சிட்டுது. வளைவில போட்டது மூண்டு நாளாகியும் ஈரம். ஒரே மீன், ஒரே வெயில்."

சிங்கராசா சிரித்துக்கொண்டே போனார். வளைவில் பாயைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவியதும் சிரிப்பு நின்றது. பாய் நனைந்திருந்தது. ஒரு சிட்டிகைக் கிறவலைக் கிள்ளி நாக்கில் வைத்தார். உப்பு.

தண்ணீர் வண்டிக்காரன் எமிலியானுஸைக் கூப்பிட்டார்.

"எந்தக் கிணத்தில அள்ளினனீ?"

எமிலியானுஸ் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். "முதல்ல ஊர்க் கிணத்திலதான் ஐயா. பிறகு கிணத்தடியில சனம் குடத்தோட வரிசையில நிக்குது. சிரட்டையால அள்ளி ஊத்துதுகள். அதுகளுக்கு முன்னால நல்ல தண்ணிய வண்டியில ஏத்தி நிலத்தில ஊத்த மனம் வரேல்ல. களப்பில அள்ளினன்."

"எத்தினை வண்டி?"

"எண்ணேல்ல ஐயா. தண்ணி தண்ணிதானே எண்டு நினைச்சனான்."

சிங்கராசாவால் அவனைத் திட்ட முடியவில்லை. நல்ல தண்ணீர் அரிதான தீவில் பிறந்தவன் வேறெப்படிச் செய்வான்? ஆனால் உப்பு சும்மா இருக்காது. விடியற்புறத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் அந்த ஈரம் மேலேறும்போது உப்பும் கூடவே ஏறி வந்து, தாருக்கு அடியில் கட்டியாகித் தாரைத் தூக்கும். ஆறு மாதத்தில் றோட்டு பொரித்த அப்பளம் போலக் கொப்பளித்து நிற்கும். உப்புக் கிறவலைத் தோண்டி எறியத்தான் வேண்டும். எங்கிருந்து எதுவரை என்பதுதான் தெரியவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே சிவப்பு.

"நானா, உங்களிட்ட எத்தினை பாய் இருக்கு?"

"என்ன, நீங்களும் கருவாடு போடப் போறீங்களோ?"

பின்னேரம் வளைவுக்கு இரண்டு பக்கமும் வெறும் பாய்களை வரிசையாக விரித்தார்கள். புதன்கிழமை விடிந்ததும் சிங்கராசா ஒவ்வொன்றாகப் புரட்டித் தடவிக்கொண்டு போனார். ஈரம் தொடங்கிய இடத்தில் ஒரு முளை அடித்தார், முடிந்த இடத்தில் ஒரு முளை. அளந்தால் இருநூறு அடி. அவ்வளவையும் திங்களுக்குள் தோண்டி மாற்றிவிடலாம்.

மத்தியானத்துக்குள் தோண்டி முடிந்தது. சாயந்தரம் புதுக் கிறவல் வந்தது. இனித் தண்ணீர். எமிலியானுஸ் வண்டியைப் பூட்டாமல் நின்றான். "கிணத்தில சேறுதான் வருது ஐயா. சனத்திட்ட நான் எப்பிடித் தண்ணி கேக்கிறது?"

ஜவாஹிர் தாடியைச் சொறிந்தார். "பள்ளிக் கிணத்தடியில அஞ்சு நேரமும் தொழ முன்னம் கைகால் கழுவி ஒழுச் செய்யிற தண்ணி தென்னைக்குத்தானே ஓடுது. நல்ல தண்ணி. ஒருக்காப் பாவிச்சது. வாய்க்காலை மறிச்சுப் பீப்பாய வைச்சா நிரம்பாதோ? நான் பள்ளியைப் பாக்கிற மரைக்காயரிட்டக் கேக்கிறன்."

"தென்னை கோவிக்காதோ?" என்றான் எமிலியானுஸ்.

"ரெண்டு நாளைக்கு நோன்பு பிடிக்கட்டும்."

மரைக்காயர் சம்மதித்தார். அன்று மஃரிப் தொழுகையிலிருந்து பீப்பாய்கள் நிரம்பின. எமிலியானுஸ் ஒரு துளி சிந்தாமல் ஓட்டினான். ஒவ்வொரு பீப்பாயையும் நாக்கில் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வியாழன் முழுக்க றோலர் மிதித்தது, வெள்ளி முழுக்கக் காய்ந்தது. சனிக்கிழமை காலை ஜவாஹிரின் பாய் ஒன்றைப் புரட்டித் தடவிய சிங்கராசா, "தாரை ஊத்துங்கோ" என்றார்.

திங்கட்கிழமை றோலர் கடகடவென்று வெள்ளாங்குளத்துக்குப் புறப்பட்டது.

அடுத்த மாதம் முதல் பஸ் வந்தபோது, வளைவில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. சாரதி ஹோர்னை அமத்திப்பிடித்தார். ஜவாஹிர் அவசரப்படாமல் பாய்களை ஓரத்துக்கு இழுத்தார். முன் ஆசனத்தில் சிங்கராசா இருந்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு பாயைப் புரட்டினார்.

"காய்ஞ்சிருக்கோ ஐயா?" என்றார் ஜவாஹிர்.

"விறகு மாதிரி."

"அப்ப அந்த வழக்கு?"

"அது பிறகு" என்று சொல்லி சிங்கராசா பஸ்ஸில் ஏறினார்.